வாசற்படியில் ஜைலோசி

ஜைலோசி கலிகோகா ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தன் வீட்டு வாசற்படியில் விழுந்து இறந்தபோது, அவருடைய தலை ஒரு சினாட்டிலும் கால்கள் இன்னொரு சினாட்டிலும் கிடந்தன. இதில் அவருக்கு உள்நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்த மனிதர், மாமர நிழலில் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று எழுந்தார், உள்ளேயிருந்து வெளியே ஓர் அடி வைத்தார், குப்புற விழுந்தார். ஆனால் உள்நோக்கம் இல்லாத செயல்களை விசாரிப்பதற்கென்றே திருச்சபையில் குழுக்கள் உள்ளன என்பதை, மலாவியில் எங்கள் சிகோம்பே ஊர்க்காரர்கள் அடுத்த இரண்டு நாள்களில் விரிவாகக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் சுவிசேஷம் இரண்டு துரைமாரால் கொண்டுவரப்பட்டது. ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். மற்றவர் ஏரிக்கரையிலிருந்து ஏறி வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டில் லும்பே ஓடையின் கரையில் இருவரும் சந்தித்துத் தேநீர் அருந்தி, ஓடைக்கு வடக்கே உள்ள ஆத்துமாக்கள் உமக்கு, தெற்கே உள்ளவை எனக்கு என்று கண்ணியமாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட ஆத்துமாக்களுக்கு இது குறித்துத் தகவல் தரப்படவில்லை. துரைமார் போய்விட்டார்கள், உடன்படிக்கை இருந்தது. வடபகுதி மலைச் சினாடு என்றும் தென்பகுதி ஏரிச் சினாடு என்றும் இரண்டு திருச்சபை மாவட்டங்கள் ஆயின. இரண்டும் ஒரே திருச்சபை. ஒரே வேதம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே வினாவிடை. மலைக்காரர்கள் உட்கார்ந்து ஜெபித்து நின்று பாடுவார்கள். ஏரிக்காரர்கள் நின்று ஜெபித்து உட்கார்ந்து பாடுவார்கள். இறையியல் வேறுபாடு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

உடன்படிக்கையில் 'ஓடை' என்று மட்டுமே எழுதியிருந்தது. ஓடை ஓரிடத்தில் நிற்குமா என்பதைத் துரைமார் யோசிக்கவில்லை. பிற்பாடு வந்த ஒரு வெள்ளத்தில் லும்பே இருநூறு அடி தள்ளிப் போய்விட்டது. பழைய தடத்தில் மணல்தான் மிஞ்சியது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு மண் மெதுவாக இருக்கிறதே என்று ஜைலோசி அங்கே வீடு கட்டிக்கொண்டார். பழைய தடத்தின்படி எல்லைக்கோடு அவர் வாசற்படியிலேயே ஓடியது; அவர் உடன்படிக்கையைப் படித்தவரல்லர். ஊரில் இருந்த ஒரே கோவிலில் காலை ஏழு மணிக்கு மலைச் சினாட்டுக்கும் ஒன்பதரைக்கு ஏரிச் சினாட்டுக்கும் மணியடிப்பதே அவருடைய தொண்டு. இரண்டு பதிவேடுகளிலும் அவர் பெயர் இருந்தது.

அவர் படுத்த படுக்கையானபோது, மனைவி எலூபி முதலில் மலை ஆயரிடம் போனாள். வின்ஃபோர்ட் சிசாலே என்று பெயர் கொண்ட அந்த ஆயர் அவளை உட்காரவைத்துப் பரிவோடு கேட்டார்.

"கட்டில் எந்தப் பக்கமாம்மா கெடக்கு?"

"உள்ளறையிலங்கய்யா. ஜன்னலோரமா."

"அதான் சங்கடம். உள்ளறைன்னா அது ஏரி. நான் வந்து ஜெபம் பண்ணினா எல்லை தாண்டிட்டேன்னு எழுதி அனுப்பிருவாங்க. கட்டிலக் கொஞ்சம் முற்றத்துல போட்டீங்கன்னா, நான் வர்றதுக்குத் தடையே இல்ல."

ஏரி ஆயர் ட்ரைவெல் கம்பாலேயும் பரிவானவர்தான். கட்டில் எங்கே கிடந்தாலும் கதவு மலைப்பக்கமாகத் திறப்பதால், உள்ளே வருவதற்கு மலைச் சினாட்டின் நிலத்தை மிதிக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டே விளக்கினார். ஜன்னல் வழியாக வரலாமே என்று எலூபி கேட்டதற்கு, அருட்பொழிவு பெற்ற ஒருவர் ஜன்னல் வழியாக நுழைவது பற்றிச் சட்டப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்றார். ஆக, ஜைலோசி எட்டு மாதமும் திருவிருந்து பெறாமலே கிடந்தார்.

செத்த பிறகு நிலைமை அடியோடு மாறியது. காரணம், சென்ற ஆண்டு எல்லை நல்லிணக்கக் குழு நிறைவேற்றிய ஒரு தீர்மானம். தகராறுள்ள ஊர்களில், கடைசியாக யார் அடக்க ஆராதனை நடத்துகிறார்களோ அந்தச் சினாட்டுக்கே ஊரும், கோவிலும், பள்ளிக்கூடமும், ஆத்துமாக்களும் சேரும் என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் ஆத்துமாக்கள் நானூற்றுப் பன்னிரண்டு. தீர்மானத்துக்குப் பிறகு எங்களில் ஒருவரும் சாகாமலிருந்தது இரண்டு தலைமையகங்களிலும் கவலையோடு பேசப்பட்டதாகக் கேள்வி.

எனவே அன்று மூன்றரைக்கு ஒப்பாரி எழும்பியது. நான்குக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன.

"யாரும் தொடாதீங்க," என்றார் சிசாலே.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் கம்பாலே. ஓராண்டில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

எலூபி மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உள்ள தூக்கிப் பாயில கெடத்தணுங்கய்யா. வாசல்ல கெடக்காரு."

"உள்ளங்கிறது ஏரிம்மா," என்றார் சிசாலே.

"அப்ப வெளியில கெடத்தட்டுமா?"

"வெளியங்கிறது மலை," என்றார் கம்பாலே.

"எங்க வீடுங்கய்யா இது."

"வீடு ஒங்களோடதுதான். அத யாரு இல்லைன்னா?" என்றார் சிசாலே. "கீழ இருக்கிற நெலம் கர்த்தரோடது. கர்த்தர் அத ரெண்டா பிரிச்சுக் குடுத்திருக்காரு. இருந்த நெலமையில இருக்கட்டும். குழு வந்து பாக்கட்டும்."

"எனக்குக் குழுவெல்லாம் வேணாங்கய்யா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள, ஒங்கள்ல யாராவது ஒருத்தர் அவரு பேரச் சொல்லி ஜெபம் பண்ணி மண்ணுல வச்சிட்டாப் போதும். வருஷத்துலயே கொடுமையானது இந்த அக்டோபர் வெயிலு. தாங்காது."

"யாராவது ஒருத்தர்ங்கிறதுலதான்மா பிரச்சினையே இருக்கு," என்றார் கம்பாலே. "சவத்த அசைக்கிறவங்க யாரா இருந்தாலும் சபையிலேர்ந்து விலக்கப்படுவாங்க. அவங்க சாவுக்கு மணியும் இல்ல, ஆயரும் இல்ல." சிசாலே தலையசைத்து அதை ஆமோதித்தார். சவத்தை அசைப்பதற்காகக் கையை நீட்டியிருந்த ஆண்கள் எல்லோரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் நரகத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மணியடிக்காத சாவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது.

அதற்கு ஒரே விதிவிலக்கு, பேரன்மார்.

எங்கள் பக்கத்தில் குழி வெட்டுகிறவர்களைப் பேரன்மார் என்போம். வயது அறுபதானாலும் பேரன்தான். செத்தவரின் மனைவி அவர்களுக்குப் பாட்டிதான். சாவு வீட்டில் அவர்கள் யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கோபித்துக்கொள்கிறவர் அவர்களுக்கு ஒரு கோழி தண்டம் தர வேண்டும். அவர்கள் அனுமதி இல்லாமல், சினாட்டின் தலைவரே ஆனாலும், மயானத்துக்குள் கால் வைக்க முடியாது. எங்கள் ஊர்ப் பேரன்மார் நால்வருக்கும் தலைவன் பிஸ்விக். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வாசலையும் ஆயர்மாரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"என்ன பாட்டி, மாப்பிள்ளைங்க ரெண்டு பேரு வந்திருக்காங்க? தாத்தா இன்னும் ஆறல. அதுக்குள்ள பொண்ணு பாக்க வந்துட்டாங்களா?"

ஆயர்மார் இருவரும் புன்னகைத்தார்கள். கோழி விலை அவர்களுக்குத் தெரியும்.

"பிஸ்விக்கு, நீ போய்க் குழிய வெட்டு," என்றாள் எலூபி.

"குழி எந்தச் சினாட்டுல வெட்டட்டும்?"

"மண்ணுல வெட்டுடா."

வெள்ளிக்கிழமை காலை குழு வந்தது. பக்கத்துக்கு மூவராக ஆறு பேர். கூடவே ஒரு வண்டியில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் வந்தன. ஆறு பேர் பேசுவதை நாற்பது பேர் கேட்பதற்கு எங்கள் நாட்டில் அது இன்றியமையாதது. மாமரத்தடியில் பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் போடப்பட்டன. ஆயர்களுக்குச் சோளக்களியோடு கோழியல்லாத எதையும் வைப்பது மரியாதையாகாது என்பதால், எலூபியிடம் இருந்த ஆறு கோழிகளில் நான்கு மதியத்துக்குள் காலமாயின. அவற்றை அடக்கம் செய்வதில் எல்லைத் தகராறு எழவில்லை.

குழுவின் முதல் கேள்வி, ஒரு மனிதன் எங்கே இறக்கிறான் என்பது.

"தலையிலதான்," என்றார் சிசாலே ஒலிபெருக்கியில். "யோசிக்கிறது, விசுவாசிக்கிறது, அறிக்கையிடுறது எல்லாம் தலை. தலை மலையில கெடக்கு. ஒரு மனுஷன் கடைசி நேரத்துல எந்தத் திசையப் பாத்து விழுறானோ, அதுதான் அவனோட விசுவாசப் பிரமாணம்."

"காலை மறந்துறக் கூடாது," என்றார் கம்பாலே. "கால் எங்க நிக்குதோ அங்கதான் ஆளு நிக்கிறான். தலை எங்க வேணா போகும். நம்ம சபையாருங்க பிரசங்கத்தப்ப ஒக்காந்திருக்காங்க, தலை எங்கெங்கயோ போய்ட்டு வருது. அதுக்காக அவங்கள நாம கோவில்ல இல்லைன்னு எழுதுறமா?"

இந்த வாதம் பலமானது என்று எல்லோருக்கும் பட்டது. பிஸ்விக் மாமரத்தில் சாய்ந்தபடி கேட்டான்: "தலையும் வேணாம், காலும் வேணாம். நெஞ்சு எங்க இருக்குன்னு பாருங்களேன்?"

கேலிக்காகச் சொன்னதைக் குழு தீர்மானமாக எடுத்துக்கொண்டது. தையல்காரரிடமிருந்து அளவு நாடா வரவழைக்கப்பட்டது. நெஞ்சின் நடுப்பகுதி ஒன்பது அங்குல அகலமுள்ள வாசற்படியின் மேல் சரியாக விழுந்தது. வாசற்படி எந்தச் சினாட்டுக்கு என்று உடன்படிக்கையில் இல்லை. அடிக்குறிப்பு எழுதுவதற்காகக் கூட்டம் தேநீருக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையே எலூபியும் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு மேல்துணியைப் பிடித்துத் திரை கட்டி, ஜைலோசியை அசைக்காமல், விழுந்த இடத்திலேயே குளிப்பாட்டிப் போர்த்தினார்கள். வீட்டுக்குள் போக வேண்டியவர்கள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள். அருட்பொழிவு பெறாதவர்கள் என்பதால் அதற்குத் தடையில்லை. குளிப்பாட்டி முடித்ததும் கம்பாலே நாடாவோடு வந்து பார்த்துவிட்டு, இடது கால் நான்கு விரற்கடை வடக்கே நகர்ந்திருப்பதாக எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தார்.

"சோப்பு வழுக்கியிருக்கும்யா," என்றாள் எலூபி.

"யாரு வாங்கிக் குடுத்த சோப்பு?" என்று கேட்டார் கம்பாலே. அவர் முகத்தில் வேடிக்கையின் சாயலே இல்லை.

எலூபி வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கிளையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பிற்பகல் வெயில் மாமரத்தைத் தாண்டி, போர்த்திய துணியின் மேல் விழத் தொடங்கியிருந்தது. எலுமிச்சை இலைகளைக் கசக்கி எல்லோரும் மூக்கருகே வைத்துக்கொண்டார்கள். எலூபி மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்குத் தீர்க்கதரிசி வந்தார். சந்தையில் கூடாரம் போட்டு ஊழியம் செய்பவர். 'நான்காம் நாள் அக்கினி' என்பது அவருடைய சபையின் பெயர். பளபளக்கும் நீலக் கோட்டும் கூர்மையான காலணியும் அணிந்திருந்தார். நேரே எலூபியிடம் வந்தார்.

"அம்மா, இவங்க இவர எங்க பொதைக்கிறதுன்னு சண்டை போடுறாங்க. நான் கேக்குறேன், எதுக்குப் பொதைக்கணும்? எழுப்பி விட்டுருவோம். எனக்கு ஒரு மணி நேரமும் அந்த ஒலிபெருக்கியும் போதும்."

கூட்டம் சிலிர்த்தது. எலூபி மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டு மாசம் அவருக்கு வலி. ராத்திரியெல்லாம் கத்துவாரு. திரும்ப எதுக்குய்யா எழுப்புறீங்க? தூங்கட்டும்."

ஆனால் குழு இதை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. ஆறு பேரும் எழுந்து தனியே போய், தலைகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு சினாடுகளின் வரலாற்றிலும் முதன்முறையாக ஒரு கூட்டுத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். சிசாலே அதை வாசித்தார்:

"மேற்படி ஜைலோசி கலிகோகா உயிர்த்தெழுவாரேயானால், அவர் யாருடைய அங்கத்தினர் என்கிற குழப்பம் மேலும் வலுக்கும் என்பதாலும், மூன்றாம் தரப்பு உரிமை கோர வாய்ப்புண்டு என்பதாலும், அங்கத்தினர் நிலை முடிவாகும் வரை அவர் உயிர்த்தெழக் கூடாது என்று இந்தக் குழு கேட்டுக்கொள்கிறது."

"யாரைக் கேட்டுக்கிறீங்க?" என்றான் பிஸ்விக். "தாத்தாவையா, ஆண்டவரையா?"

"சம்பந்தப்பட்டவங்கள," என்றார் சிசாலே.

தீர்க்கதரிசி, இந்த அளவுக்கு அவிசுவாசம் நிறைந்த இடத்தில் தம்மால் ஊழியம் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டு, ஒரு கோழிக்காலை மட்டும் ஏற்றுக்கொண்டு விடைபெற்றார்.

சனிக்கிழமை காலை டாக்டர் அலிஸ்டர் பிரிங்கிள் வந்தார். இரண்டு சினாடுகளுக்கும் உதவி அனுப்பும் தாய் மிஷனின் பிரதிநிதி; ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் நாட்டில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றி அறிக்கை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், இங்கே தகராறு என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார். எங்கள் மொழியை அவர் நூறு ஆண்டுக்கு முந்தைய வேத மொழிபெயர்ப்பிலிருந்து மட்டுமே கற்றிருந்தார். சாவு வீட்டுக்கு வந்தவர் முதலில் எலூபியைத் தேடுவதுதான் வழக்கம். குழு அவரைக் கையைப் பிடித்து பெஞ்சுக்கு அழைத்துப்போய்விட்டது. அவர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"சகோதரரே, நான் நெகிழ்ச்சியுற்றேன். எங்கள் தேசத்தில் ஆலயங்கள் வெறுமையாயின. என் தகப்பன் பிரசங்கித்த ஆலயத்தில் இப்பொழுது ஜனங்கள் பாரமான இரும்பைத் தூக்கித் தங்கள் சரீரங்களைப் பெலப்படுத்துகிறார்கள். அங்கே உயிரோடிருக்கிறவனுக்காகவும் எந்தச் சபையும் போட்டியிடுவதில்லை. இங்கேயோ, மரித்துப்போன ஓர் ஏழை மனுஷன்நிமித்தம் இரண்டு சினாடுகள் இரண்டு நாளளவும் உறங்காமல் போராடுகின்றன. இதோ, இதைப்போன்ற விசுவாசத்தை நான் கண்டதில்லை. இதை என் அறிக்கையிலே முதலாம் அதிகாரமாக எழுதுவேன்."

கைதட்டினார்கள். கம்பாலே, ஏரிச் சினாட்டின் ஆர்வமே அதில் கூடுதல் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

"அந்த அம்மாவ ஒரு வார்த்தை கேக்கலாமே," என்றது கூட்டத்தில் ஒரு குரல். பிரிங்கிள் அதை வரவேற்றார். எலூபி எழுந்து வந்தாள். இரண்டு நாளாக அவள் எதுவும் சாப்பிடவில்லை. அவளுடைய கடைசி இரண்டு கோழிகளும் அப்போது அடுப்பில் இருந்தன.

"ஒங்க வீட்டுக்காரர் தன்ன எந்தச் சினாடுன்னு சொல்வாரும்மா?" என்று கேட்டார் சிசாலே. "பயப்படாம சொல்லுங்க."

"அவரு ஒண்ணும் சொன்னதில்லைங்கய்யா. வலிக்குதுன்னுதான் சொன்னாரு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி, ஆயர் வந்தாரான்னு கேட்டாரு. தெனமும் கேட்டாரு."

"எந்த ஆயர்?" என்றார் கம்பாலே, பேனாவைத் திறந்துகொண்டு.

எலூபி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வாசலுக்குப் போய்விட்டாள். விதவை ஒத்துழைக்க மறுத்தார் என்று குறிப்பேட்டில் பதிவாகியது. மலைச் சினாடு அவளைத் திருவிருந்திலிருந்து மூன்று மாதத்துக்கு விலக்கியது. தன் அதிகாரம் குறைந்துவிடக் கூடாது என்று ஏரிச் சினாடு ஆறு மாதத்துக்கு விலக்கியது.

பதினொரு மணியளவில் ஒரு சமரசத் திட்டம் உருவாகத் தொடங்கியது. இடைக்கால அடக்கம் ஒன்றை இப்போதைக்கு நடத்திவிட்டு, வருகிற ஆகஸ்டு மாதப் பொதுப்பேரவையில் இறுதி அடக்கத்தை முடிவு செய்யலாம் என்பது பிரிங்கிளின் யோசனை. அதை விவாதிக்கும் முன் ஜெபம் செய்ய வேண்டும். யார் செய்வது? ஒருவர் ஜெபித்தால் அது அடக்க ஆராதனையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் அபாயம் இருந்தது. எனவே இருவரும் ஜெபிப்பது, முதலில் கம்பாலே, அடுத்து சிசாலே, கால அளவில் பாரபட்சம் கூடாது என்று ஏற்பாடாகியது. ஏரிக்காரர்கள் நின்றார்கள், மலைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

எங்கள் நாட்டில் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பவன் சபையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எதிர்ச் சினாட்டுக்காரன் ஜெபிக்கும்போது திறந்தால் இன்னும் மோசம். அவனுடைய ஜெபத்தை அவமதித்ததாகப் பேரவை வரை போகும். ஆகவே ஆறு பேரும், கூட்டமும், பிரிங்கிளும் இறுக மூடிக்கொண்டார்கள். கம்பாலே நிதானமாகத் தொடங்கினார். வானத்தையும் பூமியையும் படைத்ததற்காக நன்றி சொல்லவே பத்து நிமிடம் பிடித்தது.

பிஸ்விக் முழங்காலிட்டு எலூபியின் காதருகே வந்தான். "பாட்டி. குழி நேத்தே ஆயிருச்சு. பெட்டியும் தச்சு மயானத்துல இருக்கு. இப்பத் தூக்கிரட்டா?"

"ஜெபம் இல்லாமலா? நாயப் பொதைக்கிற மாதிரி பொதைக்க மாட்டேன்."

"ஜெபம்தான் ஓடிக்கிட்டிருக்கே. மயானம் எரநூறு அடி. நல்லாக் கேக்கும். இந்த நாட்டுலயே எல்லை தாண்டிப் போறது ஒலிபெருக்கி ஒண்ணுதான்."

"ஒன்னைய விலக்கி வச்சிருவாங்கடா."

"எனக்கு ரெண்டு பொண்டாட்டி. இருபது வருஷத்துக்கு முன்னாடியே விலக்கியாச்சு. இவனுங்க மூணு பேரும் சாராயம் காய்ச்சுறவனுங்க. வெளிய இருக்கிறவனை எங்க வெளிய தள்ளுவாங்க?"

எலூபி கொஞ்ச நேரம் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கம்பாலே அப்போது ஏரிச் சினாட்டுத் தலைவரின் கார் டயர்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்.

"தூக்கு," என்றாள்.

நால்வரும் ஜைலோசியை ஒரு பாயில் எடுத்துக் கிடத்தித் தூக்கினார்கள். இரண்டு நாளாக ஒரு விரற்கடைக்காக எல்லோரும் சண்டையிட்ட அந்த உடம்பு, யாருடைய ஆட்சேபமும் இல்லாமல் மாமரத்தைச் சுற்றி, பெஞ்சுகளின் பின்னால், ஒலிபெருக்கி வண்டியை உரசிக்கொண்டு போயிற்று. பெண்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்தொடர்ந்தார்கள். பிரிங்கிளின் அருகே போகும்போது ஒருவனுடைய கால் பெஞ்சில் தட்டியது. பிரிங்கிள் ஒரு கண்ணைத் திறந்தார். பாயைப் பார்த்தார், எலூபியைப் பார்த்தார். பிறகு முன்னைவிட இறுக்கமாக அதை மூடிக்கொண்டார்.

மயானத்து மரங்களுக்கடியில் நிழல் குளிர்ச்சியாக இருந்தது. பெட்டியில் வைத்து, கயிறு கோத்து, குழியின் மேல் பிடித்தார்கள். ஒலிபெருக்கி பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது.

"பேரு வரட்டும்," என்றாள் எலூபி. "பேரு வந்ததும் எறக்குங்க."

கம்பாலே மழைக்காக வேண்டினார். அதிபருக்காக வேண்டினார். தலைமையகத்தின் கூரைக்காகவும், டாக்டர் பிரிங்கிள் திரும்பிப் போகும் விமானத்தின் இரண்டு இயந்திரங்களுக்காகவும், வடக்கே வாழ்கிற கடின இருதயமுள்ளவர்களுக்காகவும் வேண்டினார். ஆமென் என்றார். மயானத்தில் பெண்களும் மெதுவாக ஆமென் என்றார்கள்.

"வந்துச்சா?" என்றான் பிஸ்விக்.

"இல்ல. அடுத்தவரு சொல்லுவாரு."

சிசாலே தொடங்கினார். அவர் வரலாற்று முறையில் ஜெபிப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் துரைமார் அருந்திய தேநீரிலிருந்து ஆண்டவருக்கு நினைவூட்டிக்கொண்டு வந்தார். உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவை முழுமையாக ஒப்பித்தார்.

"கை கடுக்குது பாட்டி," என்றான் கயிறு பிடித்தவர்களில் ஒருவன்.

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"ஆண்டவரே," என்றது ஒலிபெருக்கி, குரல் தழுதழுக்க. "இதோ எங்கள் கண்முன்னே, இந்த வாசற்படியிலே, இரண்டு நாளாகக் கிடக்கிற இந்த…"

பெண்கள் மூச்சை அடக்கினார்கள். எலூபி குழியின் விளிம்புக்கு வந்தாள்.

"…இந்தப் பிரச்சினையை உமது கரத்திலே ஒப்படைக்கிறோம்."

கயிறு பிடித்தவர்கள் எலூபியைப் பார்த்தார்கள்.

எலூபி தலைத்துணியை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினாள். "எறக்குங்க," என்றாள். பெட்டி இறங்கியது. அவள் கண்ணை மூடாமலே பேசினாள்.

"ஆண்டவரே, இவரு பேரு ஜைலோசி. ஜைலோசி கலிகோகா. ரொம்ப நல்லவருன்னு சொல்ல மாட்டேன். இளவயசுல குடிச்சாரு. என் மேல ஒரு தடவ கை வச்சாரு, அப்புறம் வைக்கல. எங்களுக்குப் பிள்ள இல்ல. செத்துப்போன என் தங்கச்சி பிள்ளைங்க மூணு பேரையும் இவருதான் வளத்தாரு, ஒருநாளும் சொல்லிக்காட்டல. கடைசியில வலி தாங்கல அவருக்கு. பாத்துக்குங்க. ஆமென்."

"ஆமென்," என்றான் பிஸ்விக், இருபது ஆண்டுகளில் முதன்முறையாக.

அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். பேரன்மார் மண்வெட்டியை எடுத்தார்கள். ஒலிபெருக்கியில் சிசாலே மறுபடி வரலாற்றுக்குத் திரும்பி, அப்போதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.